குறுக்கே நின்ற படகு

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கிட்ட. காற்று இரையுது, கத்திச் சொல்ல ஏலாது. இது கத்திச் சொல்லுற கதையும் இல்லை.

திருகோணமலைக் கரையில் கனகசூரியர் என்று ஒருவர் இருந்தார். அரை ஆயுசு மினிபஸ் ஓட்டியவர். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு கெட்டித்தனம் உண்டு. முன்னால் போகிற பஸ்ஸை வெட்டி முந்திப் போவார். சனம் நிற்கிற இடத்தில் வண்டியைக் குறுக்கே போட்டுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்க வேண்டியதுதான். சனமெல்லாம் இவருடைய பஸ்ஸில்.

பஸ் கைவிட்டுப் போன பிறகு கடலுக்கு வந்தார். றெஜினாவிடம் தொழில் பழகினார்.

றெஜினா அவருக்கு எத்தனையோ வயது இளையவள். திமிங்கிலம் பார்க்க வருகிற சனத்தைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவது அவள் தொழில். கரையில் நிற்கும்போது அவர் அவளைத் 'தங்கச்சி' என்பார். படகில் கால் வைத்தால் 'சம்மாட்டி'. படகுக்குச் சொந்தக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த வருஷம் அவள் இரண்டாவது படகு ஒன்றைக் கட்டக் கொடுத்திருந்தாள். அது யார் கைக்குப் போகும் என்பதுதான் கனகசூரியரின் நித்திரையைக் கெடுத்தது. சும்மா இருக்கிற மாமனாருக்குச் சோறு போடும்போது மருமகன் ஒரு பார்வை பார்ப்பானே, அந்தப் பார்வையிலிருந்து தப்ப அவருக்கு அந்தப் படகு வேண்டும்.

ஒரு காலை றெஜினா இயந்திரத்தின் கைபிடியை அவரிடம் கொடுத்துவிட்டு, முன்னுக்குப் போய் அணியத்தில் இருந்தாள்.

"சம்மாட்டி, எவ்வளவு கிட்டப் போகலாம்?"

"சட்டம் என்ன சொல்லுது அண்ணை?"

"நூறு மீற்றருக்குள்ளை போகக்கூடாது எண்டு."

"பிறகென்ன கேள்வி?"

ஆழக் கடலில் ஒரு மூச்சு புகைபோல எழும்பியது. பக்கத்தில் இன்னொரு மூச்சு, சின்னதாக. தாயும் குட்டியும். ஒரே பக்கம் பார்த்து ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தன.

கனகசூரியர் பின்னால் துரத்தவில்லை. அகலமாக ஒரு வட்டம் போட்டார். அவை போகிற பக்கம் பார்த்து, நன்றாக முன்னுக்குப் போய், படகைக் குறுக்கே போட்டு, இயந்திரத்தை நிற்பாட்டினார்.

"என்னண்ணை செய்யிறீங்கள்?"

"நான் கிட்டப் போகேல்லை சம்மாட்டி. அதுதான் என்ரை கிட்ட வருது. சட்டம் என்னைத்தானே கட்டும், திமிங்கிலத்தைக் கட்டுமோ?"

படகில் இருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் அவருடைய முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மற்றப் படகுக்காரர் பார்த்தார்கள். அட, இது நல்ல வேலையாக இருக்கிறதே என்று அவர்களும் வந்து அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாகக் குறுக்கே போட்டார்கள்.

தாய் கீழே அமிழ்ந்து, படகுகளுக்கு அப்பால் போய் எழும்பியது. குட்டிக்கு அவ்வளவு மூச்சு இல்லை. அது படகுகளுக்கு நடுவில் எழும்பியது. இந்தப் பக்கம் திரும்பியது, அங்கே ஒரு படகு. அந்தப் பக்கம் திரும்பியது, அங்கேயும் ஒன்று. சின்னச் சின்ன மூச்சாக விட்டது. அந்த ஈரம் சனத்தின் முகத்தில் தெறித்தது. சனம் கை தட்டியது. வெளியில் தாய் மூச்சு விட்டது. திரும்பவும் விட்டது.

கனகசூரியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

றெஜினா எழும்பி நின்று இரண்டு கையையும் வீசி, "விலத்துங்கோ! விலத்துங்கோடா!" என்று மற்றப் படகுகளைப் பார்த்துக் கத்தினாள். ஒரு படகு விலகியது. அந்த வழியால் குட்டி போனது.

கரைக்கு வந்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"தங்கச்சி, புதுப் படகு எனக்குத்தானே?"

"படகு வரட்டும் அண்ணை."

படகு வந்த நாளில்தான் கனகசூரியரின் மகள் நிரோஜா, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து முதன்முதலாகக் கோயிலுக்குப் போனாள். பிள்ளை நித்திரை. "எழும்ப முன்னம் வந்திடுவன் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாசல் படலையைத் தாண்ட, பிள்ளை எழும்பிவிட்டது. பசி. வீடு அதிர அழுதது. தாலாட்டிப் பார்த்தார், விளக்கைக் காட்டிப் பார்த்தார். சரிவரவில்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோயில் ஒழுங்கையால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஒடுங்கின ஒழுங்கை. இரண்டு பக்கமும் வேலி. மற்ற முனையில் நிரோஜா வருவது தெரிந்தது. அழுகுரல் கேட்டு அவளும் ஓடித்தான் வந்தாள்.

அந்த நேரம் பக்கத்துப் பாதையால் ஒரு டிரக்டர் வந்தது. பின்னால் சில்லு வண்டியில் புதுப் படகு, நீலப் பெயின்ற் இன்னும் மணந்தது. ஒழுங்கைக்குக் குறுக்கே வந்து நின்றது. முன்பக்கம் ஒரு வேலியில், பின்பக்கம் மற்ற வேலியில். டிரக்டரை ஓட்டி வந்த றெஜினா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிற்பாட்டினாள்.

கனகசூரியருக்கு முதலில் சந்தோசம். பிறகு பிள்ளை வீறிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் விலத்து. பிள்ளை பசியிலை அழுது."

"நான் கிட்ட வரேல்லையே அண்ணை" என்றாள் றெஜினா, மெதுவாக.

படகு இறக்கக் கூட வந்து, அதன் மேலே இருந்த பொடியன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையைக் கண்டதும் போனை எடுத்தார்கள்.

"ஐயோ, என்ன வடிவு! மாமா, முகத்தை இஞ்சாலை திருப்புங்கோ!"

"அழேக்கை வாயைப் பாரடா!"

"அப்பா!" அந்தப் பக்கத்திலிருந்து நிரோஜா கூப்பிட்டாள். "பிள்ளையை இஞ்சாலை தாங்கோ அப்பா! என்ரை சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு!"

அவர் குனிந்து பார்த்தார். படகின் அடியால் மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இந்த வேலிக்கு ஓடின. வழி இல்லை. அந்த வேலிக்கு ஓடின. அங்கேயும் இல்லை. நடுவில் வந்து நின்றன. திரும்பவும் ஓடின.

கனகசூரியர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

றெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே குதித்து இறங்கினாள். பிள்ளையை வாங்கி, மண்ணில் முழங்கால் போட்டு, படகின் அடியால் தாயிடம் நீட்டினாள்.

"என்னை மன்னிச்சுக்கொள் நிரோஜா. உன்ரை பிள்ளையை அழ வைச்சுப்போட்டன். நான் செய்தது சரியான வேலை இல்லை."

அந்தப் பக்கம் சேலை சரசரத்தது. அழுகை நின்றது. மேலே நின்ற பொடியன்கள் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

கனகசூரியர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நிமிரவில்லை.

"இந்தப் படகு எனக்கு வேண்டாம் தங்கச்சி."

றெஜினா முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"நீ அவளிட்டை மன்னிப்புக் கேட்டிட்டாய்" என்றார் அவர். "நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"படகு உங்கடைதான் அண்ணை. கொண்டுபோய்க் கேளுங்கோ."

கடல் அமர்ந்த ஒரு காலை அவர் அந்த நீலப் படகைக் கொண்டுபோனார். படகு நிறையச் சனம். ஆழத்தில் இரண்டு மூச்சு எழும்பியது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அதே தாயும் குட்டியுமோ, வேறேயோ, அவருக்குத் தெரியாது.

அவர் தூரத்திலேயே நிற்பாட்டினார். ஆனால் அவை இந்தப் பக்கம்தான் திரும்பின. நேரே படகைப் பார்த்து வந்தன. சும்மா இருந்தாலே போதும். நூறு மீற்றர் என்ன, கை நீட்டித் தொடலாம். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது.

கனகசூரியர் இயந்திரத்தை மெல்ல எடுத்து, படகைப் பின்னுக்கு விட்டார். இன்னும் பின்னுக்கு. அவை வரும் வழியிலிருந்து முழுதாக விலத்தினார்.

"அண்ணை, பஸ் ஓட்டினவர் எண்டு சொன்னாங்கள்" என்றான் ஒருவன். "றிவேர்ஸ் மட்டுந்தான் பழகினீங்களோ?"

சனம் சிரித்தது. இன்னொருவர் பேசினார், கெட்ட வார்த்தையும் சேர்த்து. அவர் இயந்திரத்தை நிற்பாட்டினார்.

தாயும் குட்டியும் தூரத்தால் போயின, அவசரம் இல்லாமல். கெட்ட வார்த்தை பேசினவரும் கண்ணுக்குமேல் கை வைத்து அந்தப் பக்கமே பார்த்தார்.

கனகசூரியர் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எழும்பி நின்று, அவை போன பக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.