கிணற்று வழக்கு

அமுதையடிகள் என்ற பெண் துறவியின் சீடர்களில் வயதில் மூத்தவர் சேந்தன். ஆசிரியரைவிடவே மூத்தவர். ஏழ்சுனை என்ற சின்ன மலைநாட்டின் தலைவரும் அவர்தான்.

பக்கத்துப் பேரரசின் கொடுமை பொறுக்காமல் போரிட்டுப் பிரிந்து வந்த நாடு அது. கொடி இருந்தது, படை இருந்தது, நாணயமும் அடித்தாயிற்று. ஆனால் வெளியில் ஒருவரும் அதை நாடு என்று ஏற்கவில்லை. கடற்கரை அரசனிடம் போன தூதரை அரண்மனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று, சேந்தன் மனம் நொந்து அடிகளிடம் போனார்.

“தாயே, உலகம் எங்களை எப்போது ஏற்கும்?”

“நாளைக் காலை என்னோடு கணவாய்க்கு வாருங்கள். பரிவாரம் வேண்டாம்” என்றார் அடிகள்.

மறுநாள் இருவரும் கணவாயில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சேந்தன் முக்காடு போட்டிருந்தார். வெயில் ஏறும் நேரத்தில் ஓர் உழவரும் அவர் மனைவியும் கட்டுச்சோற்று மூட்டையோடு மேலே ஏறி வந்தார்கள். உழவரின் தோளில் ஆழமான வெட்டுத் தழும்பு. போரில் பட்டது. சேந்தனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“எங்கே பயணம்?” என்று கேட்டார்.

“மலைக்கு அந்தப் பக்கம் போறோம். வரப்புத் தகராறு. பேரரசோட மன்றத்துல வழக்குச் சொல்லணும்” என்றார் உழவர்.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவர்களோடுதானே சண்டை போட்டீர்கள்? நம் ஊரிலேயே மன்றம் இருக்கிறதே?”

“இருக்கு. அதுல தளபதியில்ல உக்காந்திருக்காரு? எங்க வரப்பை வெட்டினதே அவரு மச்சான்தான்” என்றாள் மனைவி.

இருவரும் மூச்சு வாங்க மேலே நடந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை சேந்தன் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிகள் எழுந்து இறங்கிப் போனார்.

அந்த வாரமே சேந்தன் தளபதிகளை மன்றத்திலிருந்து விலக்கினார். ஊர்களே கூடி நடுவர்களைத் தேர்ந்தெடுத்தன. தலைவர்மேல் குறை இருந்தாலும் வழக்குச் சொல்லலாம் என்று பறை அறைந்தார்கள். மக்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள். வரத்தான் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் கடற்கரை நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்தார். நாட்டை ஏற்க அல்ல, பார்த்துவிட்டுப் போக. ஊரெல்லாம் தோரணம். படை அணிவகுப்புக்கு ஏற்பாடு.

அதே காலையில் வெள்ளச்சி என்ற விதவை மன்றத்துக்கு வந்து நின்றாள்.

“யார்மேல் வழக்கு?” என்றார் நடுவர்.

“தலைவர் மேலதான். சண்டை நடந்தப்ப கோட்டைச் சுவருக்குன்னு எடம் கேட்டாங்க, குடுத்தேன். எங்கிணறு சுவருக்கு உள்ளாற போயிருச்சு. சண்டைதான் முடிஞ்சிருச்சே. கிணத்தைக் குடுங்க.”

செய்தி கேட்டுத் தளபதி ஒருவர் பதறினார். “தூதர் முன்னால் மானம் போய்விடும் ஐயா. நாலு நாள் கழித்து வரச் சொல்லலாம்.”

சேந்தனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அணிவகுப்புக்கான பட்டுடுப்பு கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தளபதியிடம் கொடுத்துவிட்டு, மன்றத்துக்கு நடந்து போய் வெள்ளச்சிக்கு எதிரே நின்றார். கூட்டத்தின் பின்னால் தூதர் வந்து நின்றதைக் கண்டதும் காதெல்லாம் சுட்டது.

“கிணறு வெள்ளச்சிக்குச் சொந்தம். சுவரை இடிக்க வேண்டும்” என்றார் நடுவர்.

“இடித்துவிடுகிறேன்” என்றார் சேந்தன்.

அணிவகுக்க வந்த வீரர்கள் கடப்பாரை எடுத்தார்கள். சுவர் விழுந்ததும் வெள்ளச்சி தண்ணீர் இறைத்தாள். வீரர்களுக்கு ஊற்றினாள். பிறகு சேந்தன் முன்னால் வந்து, “நீங்களும் குடிங்கய்யா” என்றாள். அவர் இரு கைகளையும் குவித்து வாங்கிக் குடித்தார். அவ்வளவு நாள் ஆட்சியில் அப்படி ஒரு நிறைவை அவர் அறிந்ததில்லை.

விடைபெறும்போது தூதர் சொன்னார்: “உங்களை நாடு என்று ஏற்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எங்கள் வணிகர்களுக்கு இங்கே பிணக்கு வந்தால், உங்கள் மன்றத்துக்கே வரச் சொல்வேன்.”

சேந்தன் ஓட்டமும் நடையுமாகப் போய் அடிகளின் காலில் விழுந்தார்.

“எல்லாம் உங்களால்தான் தாயே. ஏழ்சுனையை ஒரு நாடு என்று மதித்த முதல் ஆள் அந்தத் தூதர்தான்.”

“இரண்டாமவர்” என்றார் அடிகள்.

முதலாமவர் யார் என்று கேட்க வாயெடுத்த சேந்தன், கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடிகளை மீண்டும் ஒருமுறை வணங்கிவிட்டு, வெள்ளச்சியின் வீட்டுப் பக்கம் நடந்தார்.