மண்வெட்டி குத்திய கை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று கனகபாய்க்குப் பயம். ஆறாம் வகுப்போடு நின்றவள். எதையும் முதலிலிருந்து சொல்ல வராது. நடுவில் தொடங்கி, முடிவைச் சொல்லிவிட்டு, பிறகு முதலுக்கு வருவாள். ஆனாலும் நேற்று நடந்தது பிறர் வாயால் போய்ச் சேருவதற்குள் தானே ஆசானிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆசான் பொன்னுலிங்கம் வைத்தியசாலையின் பின்கட்டில் எலும்பு முறிவுக்கான எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். வயதில் அவளுக்கு இளையவர். தொழிலில் அவளுக்குக் குரு.

"ஆசானே, நேத்து நீங்க இல்லாத நேரத்துல ஒரு அம்மா கட்டுப் போடாமலே எழுந்து போயிட்டாங்க."

"என்ன முறிவு?"

"மணிக்கட்டு. நான் எண்ணெய் தடவ என் ரவிக்கைக் கையை ஏத்திவிட்டேன். அதைப் பாத்துட்டாங்க."

"எதை?"

அவள் ரவிக்கையின் நீளக் கையை முழங்கைவரை ஏற்றினாள். வலது முன்கையில் பச்சை குத்திய மண்வெட்டிச் சின்னம். கல்யாணத்துக்கு முன்னால் கட்சி ஊர்வலம் வந்த அன்று ஆசையாகக் குத்திக்கொண்டது. தன் தெருவுக்குக் குடிதண்ணீர் அந்தக் கட்சியால்தான் வந்தது என்று இன்றும் நம்புகிறாள். ஓட்டும் அதற்குத்தான். இத்தனை காலம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இந்தத் தேர்தலில்தான் ஊர் மண்வெட்டி என்றும் குடை என்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எழுந்து போன அம்மா குடைக்காரி.

"எனக்கு இந்த வேலையை விட்டா வேற தெரியாது ஆசானே. இதை மறைச்சு வைக்கவா? சூடு போட்டு அழிச்சிரவா? இல்ல, கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டிரவா?"

ஆசான் வாய் திறக்குமுன் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுயம்புலிங்கத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். குடைக் கட்சிக்குத் தோரணம் கட்ட ஏணியில் ஏறி விழுந்தவர். சட்டைப்பையில் இன்னும் ஒரு குடைக்கொடி சொருகியிருந்தது.

"எங்கே முறிஞ்சிருக்கு? உம்ம விரலால தொட்டுக் காட்டும்," என்றார் ஆசான். யார் வந்தாலும், எந்த நிலையில் வந்தாலும், அவர் முதலில் கேட்பது அதுதான்.

சுயம்புலிங்கம் வலது தோளைத் தொட்டார்.

"முறிவில்ல. மூட்டு நழுவியிருக்கு." ஆசான் ஒரு துண்டை அவர் மார்பைச் சுற்றிப் போட்டு இறுகப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கையை இழுங்க."

கனகபாய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சுயம்புலிங்கத்தின் கண் பச்சையில் விழுந்தது.

"ஓகோ! மண்வெட்டியா? எனக்குக் குழி தோண்டவா வந்திருக்கே? ஆசானே, இந்தக் கை என் மேல படப்பிடாது!"

அவள் பதறி விட்டுவிட்டாள்.

"பிடிங்க," என்றார் ஆசான். பிறகு அவரிடம், "மண்வெட்டிக்காரங்க மேல உமக்கு அப்படி என்ன கோபம்?"

மற்ற நாளாக இருந்தால் ஆடுமாடு பற்றி விசாரிப்பார். பேச்சில் ஆள் தன்னை மறந்தால்தான் உடம்பு இளகும்.

"என்ன கோபமா? கேளும்!" சுயம்புலிங்கம் தொடங்கினார். ரோட்டைத் திட்டினார். சாக்கடையைத் திட்டினார். கனகபாய் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தலைவரைத் திட்டினார். அந்தத் தலைவரைப் பெற்றவளையும் விடவில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. ஆசான் ஒருமுறை இமையைத் தாழ்த்திக் காட்டினார். அவள் பதறாமல், நேராக, மெல்ல இழுத்தாள்.

'டக்'கென்று தோள் உட்கார்ந்தது.

சுயம்புலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. "நான் இன்னும் சொல்லி முடிக்கலியே!"

"மிச்சத்தை வீட்டுல போய்ச் சொல்லும்." ஆசான் கட்டுப் போட்டார். "குணமானதும் அவிழ்த்திரணும். வேண்டாத கட்டுக் கிடந்தா கை சூம்பிரும்."

போகும்போது சுயம்புலிங்கம் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நல்ல கைதான், அக்கா. ஆனா யாரு இழுத்துவிட்டான்னு எங்க தெருவுல சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க."

ஆட்டோ போன பிறகு அவள் மறுபடி கேட்டாள். "ஆசானே, நான் கேட்டதுக்கு..."

"அவரு பேசினப்போ கோபம் வந்துதா?"

"வந்துது."

"கைக்கு வந்துதா?"

யோசித்துப் பார்த்தாள். "கைக்கு வரல."

ஆசான் எண்ணெயைக் கிண்டப் போய்விட்டார்.

கனகபாய்க்கு அது போதவில்லை. குணமானவரே தெருவில் சொல்லப் பயப்படுகிறார். இனி வரப்போகிறவர்கள் என்ன சொல்வார்கள்?

மறுநாள் அவள் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துணிக்கட்டோடு வந்தாள். விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அட பாவமே! கட்டுப் போடுற கைக்கே கட்டா?" என்றார் காத்திருந்த ஒருவர்.

"முட்டை சாப்பிடு பிள்ளே, சீக்கிரம் கூடிரும்," என்றாள் இன்னொருத்தி.

அன்று எழுந்து போன மணிக்கட்டு அம்மாவும் வலி தாங்காமல் திரும்பி வந்திருந்தாள். கனகபாயின் கட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, வீங்கிய கையை நீட்டினாள்.

கனகபாய் எண்ணெய் தடவி, எலும்பைப் பொருத்திக் கட்டிவிட்டாள். அந்த அம்மா நிம்மதியாகப் போனாள். கனகபாயும் மூச்சு விட்டாள்.

அப்போது ஆசான் வந்து, நோயாளிக்கு எதிரில் உட்காருவதுபோல, அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கே முறிஞ்சிருக்கு அக்கா? தொட்டுக் காட்டுங்க."

கனகபாய், வேலை செய்ததில் தளர்ந்திருந்த தன் கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டாள்.