கொட்டாங்கச்சி நிறைய

ஒரு காட்டில் புலிராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உறுமினால் பூனை தும்முவது போலச் சத்தம் வந்தது. அதைக் கேட்டு ஒரு முயல் களுக்கென்று சிரித்துத் தொலைத்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

உடனே சமையல்காரக் கரடியைக் கூப்பிட்டது.

"நெல்லிக்காயும் தேனும் போட்டுப் பாகு கிண்டிக் கொடு" என்று கிசுகிசுத்தது. "இரண்டும் கனத்தில் சரிக்குச் சரி இருக்க வேண்டும். தித்திப்பு கூடினால் இருமல் கூடிவிடும். உச்சி வெயிலுக்குள் என் குரல் வரவில்லை என்றால், மதியச் சாப்பாடு நீதான்!"

கரடி காட்டுக்குள் ஓடியது. நெல்லிக்காய்ப் பருவம் முடிந்துவிட்டது. மரம் மரமாக ஏறி இறங்கியும், நறுக்கினால் ஒரே ஒரு கொட்டாங்கச்சிதான் தேறியது. அதைக் கெடுத்தால் வேறு கிடையாது.

அரண்மனையில் அளந்து கொடுப்பது நரியின் வேலை. அதற்குக் கூலியாகத் தினமும் ஒரு கொட்டாங்கச்சி இறைச்சி. கரடி செத்தால் மிச்ச எலும்பும் தனக்கே என்று அந்தப் பொல்லாத நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"இதில் என்ன யோசனை, கரடியக்கா? நெல்லி ஒரு கொட்டாங்கச்சி, தேன் ஒரு கொட்டாங்கச்சி. இரண்டும் தளும்பத் தளும்ப இருக்கிறது பார். சட்டென்று ஊற்று. நிழல் காலடிக்கு வந்துவிட்டது!"

கரடி கைக்கு ஒன்றாகத் தூக்கியது. சட்டிக்கு மேலே கொண்டுபோனது. ஐயோ, இதென்ன? தேன் இருந்த கை தானாகத் தாழ்ந்தது!

"ஊற்று, ஊற்று!" என்று நரி பறந்தது.

கரடி ஊற்றவில்லை. ஒரு குச்சியின் நடுவில் நாரைக் கட்டித் தூக்கிப் பிடித்தது. இரண்டு முனையிலும் கொட்டாங்கச்சிகளைத் தொங்கவிட்டது. தேன் பக்கம் தொபுக்கென்று இறங்கியது. தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தது. குச்சி நேராக நின்றபோது, தேன் பாதிக்கும் கீழே போயிருந்தது.

"ராஜா!" என்று நரி ஓலமிட்டது. "கொட்டாங்கச்சியைப் பாருங்கள்! கரடி உங்கள் தேனைத் திருடிவிட்டது!"

புலி எழுந்து வந்தது. நகங்கள் வெளியே வந்தன. கரடி இரண்டு கொட்டாங்கச்சிகளையும் அவிழ்த்து நீட்டியது.

"தூக்கிப் பாருங்கள், ராஜா" என்று சொன்னது.

புலி ஒரு கையில் நெல்லியையும் மறு கையில் தேனையும் வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டது. எந்தக் கையும் தாழவில்லை.

"ம்... கிண்டு" என்றது.

கரடி கிண்டியது. பாகு பதமாகத் திரண்டது. புலி அதை நக்கி விழுங்கியது. இருமல் இல்லை. வாயைத் திறந்து ஓர் உறுமல் உறுமியது பாருங்கள், காடே கிடுகிடுத்தது! கரடி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டது.

நரி நைசாக நழுவப் பார்த்தது.

"நில்லடா! கூலி வாங்காமல் போகலாமா?" என்று புலி ஒரு கொட்டாங்கச்சியை நீட்டியது. அது நிறையக் கோழி இறகு.

"ராஜா, இதில் கனமே இல்லையே!"

"அதனால் என்ன? கொட்டாங்கச்சி நிறைந்திருக்கிறதே!" என்றது புலி.

நீதி: பாத்திரம் நிறைந்துவிட்டது என்பதற்காக அளவு சரியென்று நம்பிவிடாதே, கனத்தையும் தூக்கிப் பார்.