காந்திமதிக்கு ஒரு நாற்காலி

நாற்காலி செய்கிற உலகம்மையிடம் ஒருநாள் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சீடர் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிடாதீர்கள். தலை முக்கால்வாசி நரைத்தவர், உலகம்மையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயர் அமிர்தலிங்க ஆசாரி. சுற்றுவட்டாரக் கோயில்களில் சாமி ஏறி வருகிற வாகனமெல்லாம் அவர் கையால் செதுக்கியவை. அவர் செய்த குதிரையைப் பார்த்து நிஜக் குதிரை மிரண்டது என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்த்தவர்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் இங்கே வந்து கைகட்டி நிற்பானேன்? காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவி காந்திமதிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தது. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது, மீறி உட்கார்ந்தால் நடையே நின்றுபோகும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஆசாரி நல்ல தேக்காகப் பார்த்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். காந்திமதி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உட்காருவது மட்டும் தரையில்தான். இன்னொன்று செய்தார். அதற்கும் அதே கதி. தரையிலிருந்து எழும்போது சத்தம் வராமல் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உலகம்மையின் பட்டறை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. வாசல் வேப்பமரத்தடியில் அவள் செய்த நாற்காலிகள் சும்மா கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். நெட்டையோ குட்டையோ, கைப்பிள்ளைக்காரியோ காய்கறிக்கூடைக்காரரோ, உட்கார்ந்தவர் உட்கார்ந்ததுதான். பஸ் வந்து போனதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆசாரி முதல்நாள் இதைப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு நாற்காலியின் அடியைத் தடவிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு கால், ஒரு பலகை, ஒரு சாய்மானம். ஒன்றுமே இல்லாததில் இத்தனை இருக்கிறதே என்று மலைத்துப்போய்த்தான் அவர் அவளிடம் வேலை கேட்டார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி செய்கிறவர் முதலில் கறுப்படித்த சுவரில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைய வேண்டும். உலகம்மை வந்து பார்ப்பாள். சரியென்று பட்டால் "அறுக்கலாம்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக எல்லோரும் காத்துக் கிடப்பார்கள். படாவிட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். திட்டமாட்டாள், தடுக்கவும் மாட்டாள். செய்து முடித்ததை வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். யார் செய்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

ஆசாரி வரைந்தார். முதுகுப் பக்கம் அன்னம், கைப்பிடி இரண்டிலும் யாளிமுகம். உலகம்மை வெகுநேரம் பார்த்தாள். அந்த யாளிக்கு மூச்சு வருகிறது என்று மனசாரச் சொன்னாள். அப்படியென்றால் அறுக்கலாமா என்று கேட்டார் ஆசாரி.

"உங்க இஷ்டம், ஆசாரியாரே."

அவர் இஷ்டப்படியே அறுத்தார், செதுக்கினார், மெழுகு தேய்த்து மரத்தடியில் வைத்தார். கூட்டமென்றால் கூட்டம். சுற்றி நின்று பார்த்தார்கள், தடவினார்கள், போனில் படம் பிடித்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார். ஒரு அம்மாள் யாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எல்லோரும் போய் மூலை உடைந்த பழைய பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆசாரிக்கு முதலில் பெருமையாக இருந்தது. மத்தியானத்துக்குள் முகம் தொங்கிவிட்டது.

சாயங்காலம் அவர் உலகம்மையிடம் போய், மனசில் வெகுநாளாக இருந்ததைக் கேட்டார்.

"அம்மா, ஒரு நாற்காலிக்கு உருவம் எங்கேயிருந்து வருது?"

உலகம்மை யாளி நாற்காலியைக் காட்டினாள். நாளைக்குக் காலையில் வந்து அந்த நாற்காலியில் சாப்பாட்டு நேரம் வரைக்கும் உட்கார்ந்திருங்கள் என்றாள்.

மறுநாள் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ராஜா மாதிரித்தான் இருந்தது. அப்புறம் ஒரு காலை மேலே தூக்கிப் போடப் பார்த்தார், யாளி இடித்தது. பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார், அன்னத்தின் அலகு முதுகில் குத்தியது. டீ கொண்டுவந்த ஆளிடம் தம்ளரை வாங்கக் கை நீட்ட முடியவில்லை. உலகம்மை எதிரே உட்கார்ந்து ஒரு காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன் ஆசாரியாரே, உங்க வாகனத்துல ஏறி வர்ற சாமி என்னிக்காவது கால் மாத்திப் போட்டிருக்கா?"

ஆசாரி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. இத்தனை காலமும் அசையாத ஒருவருக்கே ஆசனம் செய்து பழகிய கை அவருடையது. அதுவும் தெருவில் நிற்கிற கூட்டம் அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்தது.

அடுத்த நாற்காலியில் அவர் பூவும் வைக்கவில்லை, யாளியும் வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் காந்திமதியை நிற்க வைத்து நூல் பிடித்து அளந்தார். எனக்கென்ன வாகனமா செய்யப் போறீங்க என்று அவள் கூச்சப்பட்டுச் சிரித்தாள். சுவரில் வரைந்து காட்டினார். உலகம்மை இந்த முறையும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொன்னாள். ஆனால் மரத்தடியில் வைத்ததுதான் தாமதம், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் குறட்டையே விட்டார். ஆசாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

காந்திமதி அவருக்காக அதில் உட்கார்ந்தாள். ரொம்ப சொகமாக இருக்கிறது என்றாள். பொய்யில்லை, முகம் சொன்னது. அடுக்களையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனாள். போனவள் திரும்பி வரவில்லை. அவர் எட்டிப் பார்த்தால், அடுக்களை நிலையோரம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஆசாரிக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஊரே உட்காருகிறது, அவள் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறாள், நான் இனிமேல் என்னத்தைச் செய்ய என்று கேட்டார்.

உலகம்மை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவங்க உட்கார்ற இடத்துலேர்ந்து பார்த்தா என்ன தெரியும்?"

ஆசாரி யோசித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்.

காந்திமதி கோயிலுக்குப் போயிருந்தாள். அவர் அடுக்களை நிலையோரம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இடது பக்கம் அடுப்பு தெரிந்தது. வலது பக்கம் கூடத்தைத் தாண்டி வாசல் கதவு. எதிரே கொல்லையில் காயப்போட்ட வத்தல், அதைக் கொத்த வந்த காக்கை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் ஜன்னல் வழியாக அவருடைய கொட்டகை, அதில் அவர் உளி பிடித்துக் குனியும் இடம். இத்தனை வருஷமும் காந்திமதி பார்த்துக்கொண்டிருந்தது தன்னுடைய முதுகை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எழுவதற்காக அவர் கதவு நிலையைப் பிடித்தார். கை ஓரிடத்தில் வழுக்கியது. அவள் பிடித்துப் பிடித்து எழுந்த இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. எந்த உப்புத்தாள் போட்டாலும் அப்படியொரு வழவழப்பு வராது. தச்சனின் கை அல்லவா, அந்தப் பள்ளத்தை விட்டு எடுக்க மனசு வராமல் அங்கேயே இருந்தது.

அவர் பட்டறைக்குப் போகவில்லை. சுவரில் வரையவும் இல்லை. தன் கொட்டகையில் கிடந்த பலாப் பலகையை எடுத்து அங்கேயே அறுத்தார். முழங்கால் வலிக்கிற அளவுக்கு மடங்காத உயரம். மடியில் முறம் வைக்க முன்பக்கம் நல்ல அகலம். அடுப்புப் பக்கம் திரும்ப வசதியாக இடது பக்கம் கைப்பிடியே இல்லை. வலது பக்கம் மட்டும் கனமாக ஒன்று, நிலையில் தேய்ந்திருந்த பள்ளத்துக்கு நேர் உயரத்தில். பார்த்தால் பாதியில் விட்டுப்போன வேலை போல இருந்தது. குதிரை செய்த கைக்கு அதைச் செய்தோம் என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருந்தது. காந்திமதி தண்ணீர் பிடிக்கப் போன சமயம் அதை நிலையோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவர் அப்படியே நின்றார். காந்திமதி அதில் உட்கார்ந்து மடியில் முறத்தோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பால் பொங்கி வந்தது. வலது கையை ஊன்றி எழுந்தாள், பல்லைக் கடிக்கவில்லை. பாலை இறக்கிவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றார் அவர். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பட்டறைக்கு வந்து உலகம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சந்தோஷந்தான். ஆனாலும் மனுஷர் அல்லவா, உள்ளே ஒரு சின்னக் குறை. முந்தி செய்ததையெல்லாம் காந்திமதி ஊரைக் கூட்டிக் காட்டினாள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

உலகம்மை சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நான் அதைப் பார்க்கலையே. வரைஞ்சு காட்டுங்க."

ஆசாரி கறுப்புச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கை தானாக ஓடியது. குனிந்த தலை, காதோரம் நரைத்த முடி, மடியில் முறம், அடுப்புப் பக்கம் பாதி திரும்பிய தோள், எதையோ ஊன்றி நிற்கும் வலது கை, நோகாமல் மடங்கிய முழங்கால் இரண்டும். கடைசியில் பாதத்தையும் வரைந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தார். சுவர் முழுக்கக் காந்திமதி இருந்தாள். நாற்காலி எங்கேயும் இல்லை.

பதறிப்போய் அழிக்கத் துண்டை எடுத்தார். உலகம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அழிக்காதீங்க, ஆசாரியாரே" என்றாள். "அறுக்கலாம்."