கருத்தரங்கக் கூடத்துக்கு டீ

அந்தப் பல்கலைக்கழகத்தைக் கூட்டிப் பெருக்குகிற வடிவும் அவள் கூட்டாளிகளும் மாடிப்படிக்கு அடியில்தான் மத்தியானச் சோறு சாப்பிட்டார்கள்.

"உட்கார ஒரு ரூம் குடுங்க ஐயா" என்று கேட்டதற்குப் பதிவாளர் ஞானசிகாமணி எகிறினார்.

"காலி ரூம் ஒண்ணு காட்டு, தர்றேன்!"

"கருத்தரங்கக் கூடம் பூட்டியேதானே கிடக்கு ஐயா?"

"அங்கே தினமும் கூட்டம் நடக்குது, தெரியுமா?"

மறுநாள் துணைவேந்தர் பதிவாளரோடு அந்தப் பக்கம் வந்தபோது அந்தக் கூடத்து வாசலில் வடிவு பன்னிரண்டு டீயோடு நின்றாள்.

"தினமும் கூட்டம்னு பதிவாளர் ஐயா சொன்னாங்க. தட்டித் தட்டிப் பார்க்கேன், யாரும் திறக்கல."

சாவி எங்கே என்று பதிவாளருக்கே தெரியவில்லை. துருப்பிடித்த பூட்டை உடைத்தார்கள். ஜன்னல் ஓட்டை வழியாக வந்த புறா ஒன்று தலைவர் நாற்காலியில் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"தலைவர் வந்துட்டாங்க ஐயா" என்றாள் வடிவு. "மத்தவங்கதான் இன்னும் வரல."

துணைவேந்தர் சிரித்தே விட்டார். அன்று மத்தியானமே கூடத்தில் சாம்பார் மணத்தது. குஞ்சு பொரிக்கும்வரை தலைவர் நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை.