உயரச் சக்கரமும் தளவாயின் சாட்சியும்

கனகராயர் நல்ல அரசர்தான். ஆனால் எது நடந்தாலும் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவார். ஒருமுறை எவனோ ஒரு வம்பன் தேர்ச்சக்கரத்தை மாட்டிக்கொண்டு கடைவீதியில் மாட்டு வண்டி ஓட்டினான். வண்டி குடைசாய்ந்து ஒரு பானைக்கடையே சல்லி சல்லியானது. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். எந்த வண்டியும் தனக்கு உரியதல்லாத சக்கரத்தில் ஓடக்கூடாது. ஓடினால் வண்டி விறகாகும் என்று.

பானை உடைத்தவன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். மாட்டிக்கொண்டவன் செக்கு ஆட்டிப் பிழைக்கும் செங்கோடன்.

அந்தச் சீமையில் வண்டிகளெல்லாம் அரண்மனைப் பட்டறையில்தான் செய்வார்கள். குடிமக்கள் வண்டிக்குச் சின்னச் சக்கரம், அதிகாரிகள் வண்டிக்கு உயரச் சக்கரம். செங்கோடன் வீட்டில் எட்டுப் பேர். ஆற்றில் இறங்கும்போதெல்லாம் சின்னச் சக்கரம் முங்கி, உட்காரும் பலகைக்குமேல் தண்ணீர் ஏறிவிடும். இந்த லட்சணத்தில் மகள் வேலாத்தாளுக்கு அக்கரை ஊரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணப் பெண்ணை ஈரச்சேலையோடு கொண்டுபோய் இறக்க முடியுமா? பட்டறையில் ஓர் அதிகாரிக்காகச் செய்து, அவர் வேறு சீமைக்குப் போய்விட்டதால் சும்மா கிடந்த உயரச் சக்கரம் ஒரு சோடியை வாங்கி மாட்டினான். அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது.

வினை சந்தையில் வந்தது. படைத்தலைவரான தளவாய் திம்மராயரின் வண்டிக்குப் பக்கத்தில் இவன் வண்டி போய் நின்றது. எல்லோரையும் குனிந்து பார்த்தே பழகியவர் தளவாய். அன்று திரும்பினால், கண்ணுக்கு நேரே செங்கோடன் பெண்டாட்டி பொன்னுத்தாயியின் முகம். அவளாவது சும்மா இருந்திருக்கலாம். “சௌக்கியமுங்களா சாமி?” என்று கேட்டுத் தொலைத்தாள்.

அன்றே வண்டி பறிமுதல். முகூர்த்தத்துக்கு நாலே நாள்.

அவையில் செங்கோடன் கும்பிட்டபடியே நின்றான். தளவாயோ முழங்கினார். அதிகாரி வண்டி வேறு சாதி, குடிமகன் வண்டி வேறு சாதி, கழுதைக்குக் குதிரைக்கால் ஒட்டுமா என்றார். இரண்டும் ஒரே மரம், ஒரே அச்சு என்று பட்டறை ஆசாரிக்குத் தெரியும். ஆனால் தளவாயின் மீசையைப் பார்த்ததும் அவர் இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போது எழுந்தார் சாத்தப்பர். அவையில் இவருடைய உத்தியோகம் என்னவென்று அரசருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் இவர் பேசாத நாளில் அரசருக்குச் சோறு இறங்காது. சக்கரம் இந்த வண்டிக்கு உரியதுதான் என்று நாளைக் காலை நிரூபிப்பதாகவும், ஒப்பிட்டுப் பார்க்கத் தளவாயின் வண்டியும் வேண்டுமென்றும் கேட்டார். தளவாய் தாராளமாகச் சம்மதித்தார்.

வெளியே வந்ததும் சாத்தப்பர் செங்கோடனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உன் வண்டி மட்டும் ஏனப்பா இப்படி மின்னுகிறது?”

“செக்குல எண்ணெய் அடிமண்டி மிஞ்சுமுங்க. வீட்டுக்காரி தினமும் மரத்துல தேய்ச்சு விடுவா.”

“நல்லது. நாளைக்கு என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே.”

மறுநாள் அரண்மனை முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. சாத்தப்பர் எல்லாவற்றையும் கழற்றவைத்திருந்தார்; கூண்டு இல்லை, திரை இல்லை, சக்கரமும் இல்லை. மரக்கட்டைகள்மேல் இரண்டும் மொட்டையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று எண்ணெய் குடித்துப் பளபளத்தது. மற்றொன்று வெளுத்து, அச்சு வறண்டு, மூலையில் சிலந்திக்கு வீடு கொடுத்திருந்தது.

“தளவாய் அவர்களே, இரண்டும் வேறு வேறு சாதி என்றீர்கள். இதில் உங்களுடையது எது?” என்றார் சாத்தப்பர்.

“என் வண்டியை எனக்கே காட்டுகிறீரா?” தளவாய் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. நேராகப் போய்ப் பளபளத்த வண்டியின் மேல் கையை வைத்தார். “இதுதான். பார்த்தாலே தெரியவில்லையா?”

 விறகாகப் போகிறதே என்று அழுத வண்டி, இப்போது தளவாய் வீட்டுக்கே போகப்போகிறது. செங்கோடன் வாயைத் திறக்கப் போனான். பக்கத்தில் நின்ற பொன்னுத்தாயி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“இதற்கு உரிய சக்கரம் எது?” என்று கேட்டார் அரசர்.

“உயரச் சக்கரம்தான் அரசே. இந்தக் கட்டுமானத்துக்கு வேறெது பொருந்தும்?”

“அப்படியானால் அந்த வண்டிக்கு?” என்றார் சாத்தப்பர்.

தளவாய் வெளுத்த வண்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். “அந்த வறட்டு வண்டிக்குச் சின்னச் சக்கரமே அதிகம்.”

சாத்தப்பர் பொன்னுத்தாயியின் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவள் விடுவிடுவென்று வந்து, பளபளத்த வண்டியின் பலகைக்கு அடியில் கையைவிட்டு, ஒரு சுருக்குப்பையை உருவி எடுத்தாள்.

“எம்பட வெத்தலைப் பையிங்க. வண்டியோட சேர்த்துப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. வெத்தலை இல்லாம வாயே நமநமங்குது.”

தளவாய் வண்டியின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்தார்.

“நான் நிரூபிக்க ஒன்றுமே மிச்சமில்லை அரசே. இந்த வண்டிக்கு உயரச் சக்கரம்தான் உரியது என்று தளவாயே கைவைத்துச் சாட்சி சொல்லிவிட்டார்” என்றார் சாத்தப்பர்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் சரிந்து காதில் வந்து நின்றது. செங்கோடன் உயரச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு இன்றே புறப்படலாம் என்றார். செங்கோடன் தேம்பித் தேம்பி அழுதான். சாத்தப்பருக்கு என்ன பரிசு வேண்டுமென்று கேட்டார் அரசர்.

“கல்யாணச் சாப்பாட்டுக்கு இந்த வண்டியிலேயே ஓர் இடம் போதும்.”

“தளவாயையும் அழைத்துப் போங்களேன். மனஸ்தாபம் தீரட்டும்.”

“வரட்டும் அரசே, தம் வண்டியில் பின்னாலேயே வரட்டும். அந்த வறட்டு வண்டிக்கு உரியது சின்னச் சக்கரம் என்றும் அவரே சொல்லிவிட்டார். ஆற்றில் இறங்கும்போது காலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.”