காப்புரிமை பெற்ற பவர் சப்ளை

ஜெசிந்தாவிடம் ஆம்ப்ளிஃபயர் செய்யக் கற்க வந்தபோதே மாசானமுத்துவுக்குத் தலை நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை. சாஸ்திரம் இதற்கு இடம் தருமா என்று இருவரும் விசாரிக்கவில்லை.

ஒரு நாள் காலை மாசானமுத்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு கம்பெனி புது பவர் சப்ளை சர்க்யூட் தாரான். காப்புரிமை வாங்குனது. ஒத்துக்கிட்டா நான் செய்யுத பெட்டி முகப்புல அவன் பேரு, பின்னால எம் பேரு. மத்தியானம் ஆள் வருது. மாத்திரட்டா?"

"உங்க சப்ளைக்கு என்ன குறை, அண்ணாச்சி?"

"குறைன்னு இல்ல. ஆனா இந்த ஒரு பெட்டியில புதுசைப் போட்டுப் பாத்தேன், பாட்டு தேனா இருக்கு."

"காப்புரிமைப் பத்திரம் படிச்சீங்களா?"

"எழுத்தெழுத்தா. இப்படி ஒரு சர்க்யூட்டை இதுக்கு முன்ன யாரும் செஞ்சதில்லையாம்."

"நல்லாக் கேக்கும்னு போட்டிருக்கா?"

மாசானமுத்து யோசித்தார். "அது விளம்பரத்துல இருக்கு."

ஜெசிந்தா இரண்டு பெட்டிகளையும் துண்டால் மூடினார். நாதஸ்வர இசையை ஓடவிட்டு, ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றி இணைத்தார். ஒவ்வொரு முறையும் புதியது எது என்று மாசானமுத்து சரியாகச் சொன்னார். மீசையைத் தடவிக்கொண்டார்.

குரு ஒலியளவு மானியை எடுத்து வைத்தார். புதியதில் சத்தம் ஒரு மயிரிழை கூடுதல். அதன் குமிழைச் சற்றே திருகிக் குறைத்தார்.

"இப்பச் சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. ஆனால் மாசானமுத்து விடுகிற ஆளில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே எந்தக் குழாய் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கண்டுபிடித்த மைக்செட்காரர். மின்விசிறியை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். கம்பெனி ஆள் வந்து தட்டியபோது, "இரும் ஓய்!" என்று உள்ளிருந்தே அதட்டினார். வேர்க்க வேர்க்கக் கேட்டார். ஒரு தடவை சரி, ஒரு தடவை தப்பு.

கடைசியில் எழுந்தார்.

"பாட்டுதான் ஏமாத்துது டீச்சர். அதை நிறுத்துங்க. சப்ளை கெட்டிருந்தா உம்முன்னு உறுமும்லா? அதை மட்டும் கேட்டுப் பாத்துருதேன்."

பாட்டு நின்றது. மாசானமுத்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். முதலில் தன்னுடையது. பிறகு புதியது. மறுபடி தன்னுடையது.

"ரெண்டுலயும் ஒண்ணுமே கேக்கலியே, டீச்சர்!"

"சத்தமில்லாம கரண்டு குடுக்கதை விட்டா பவர் சப்ளைக்கு வேற என்ன வேலை, அண்ணாச்சி? வாசல்ல ஆள் நிக்காரு. எந்த ஒண்ணுமில்லாததுக்கு முகப்புல பேரு போடணும்னு போய்ச் சொல்லிட்டு வாங்க."